குறுக்கீட்டு முன்னுரிமை: ஓட்டமானியின் துடிப்புகள் ஏன் தவறுகின்றன?

வணக்கம். பாலக்கோட்டில் எங்கள் தக்காளித் தோட்டத்துச் சொட்டுநீரை அளக்க, அட்மெகா 328பி நுண்கட்டுப்படுத்திச் சில்லில், நீரோட்டத்தைத் துடிப்புகளாகத் தரும் ஓட்டமானியை ஐஎன்டி0 (வெளிக் குறுக்கீட்டு) பின்னிலும், குறுஞ்செய்திக்கான ஜிஎஸ்எம் மோடத்தை யூசார்ட்டிலும் (தொடர்வரிசைத் தொடர்புப் பகுதி) இணைத்திருக்கிறேன். குறுக்கீடுகளை (ஓடும் நிரலை இடைநிறுத்தும் அழைப்புகளை) வரிசைப்படுத்தும் வெக்டார் அட்டவணையில் ரீசெட்டுக்கு அடுத்த இடம் ஐஎன்டி0-க்குத்தான் என்பதால் துடிப்பு தவறாது என நம்பினேன். ஆனால் குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் கணக்கு குறைகிறது.

அந்த வரிசை, ஒருசேரக் காத்திருக்கும் குறுக்கீடுகளில் எது முதலில் என்பதை மட்டுமே தீர்மானிக்கும், ஓடிக்கொண்டிருக்கும் ஐஎஸ்ஆரை (குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரல்பகுதியை) இடைமறிக்காது என்பதும், காத்திருப்புக் கொடி ஒரே பிட் ஆதலால் ஒரு துடிப்பு காத்திருக்கையில் வரும் அடுத்த துடிப்பு தொலைந்துவிடும் என்பதும் பிறகே புரிந்தன. (9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிவினாடி ஆகும்போது, குறுஞ்செய்திக்கான பதில் முழுவதையும் யூசார்ட் ஐஎஸ்ஆருக்குள்ளிருந்தே அனுப்பியது என் தவறுதான்.)

பதில் அனுப்புவதை மெயின் லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் முதன்மை நிரலுக்கு) மாற்றினால் போதுமா, அல்லது எண் சிறியதானால் முன்னுரிமை உயரும் 4 நிலைகள் கொண்ட கார்ட்டெக்ஸ் எம்0 வகைச் சில்லுக்கு மாறுவது மேலா? யூசார்ட் ஐஎஸ்ஆருக்குள் குறுக்கீட்டை மீண்டும் அனுமதித்தால் 2 கேபி நினைவகத்தில் ஸ்டாக் (தற்காலிகத் தரவு அடுக்கு) தாங்குமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.