ஆர்ம் சர்வருக்கான கன்டெய்னர் இமேஜ்: பில்ட் நேரத்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கோ மொழியில் எழுதிய ஒரு சேவைக்கு, ஏஎம்டி64, ஆர்ம்64 ஆகிய இரு வகை பிராசஸர்களுக்கும் ஒரே பெயரில் கன்டெய்னர் இமேஜ் (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்த பொதி) வெளியிட வேண்டியிருக்கிறது. எங்கள் பில்ட் இயந்திரம் ஏஎம்டி64. இமேஜ்களை உருவாக்கும் டாக்கர் பில்ட்எக்ஸ் கருவியில் இரண்டு பிளாட்ஃபார்ம்களையும் கொடுத்து ஓட்டினால் வேலை நடக்கிறது. ஆனால் ஏஎம்டி64 பகுதி 3 நிமிடத்தில் முடிந்துவிட, ஆர்ம்64 பகுதி 35 நிமிடம் இழுக்கிறது. பெரும்பாலும் கோ பில்ட் வரியிலேயே நிற்கிறது. தனியாக ஓர் ஆர்ம் இயந்திரம் வாங்காமல் இதைக் குறைக்க வழி உண்டா?

பதில் 1:
நேரத்தை விழுங்குவது க்யூஈஎம்யூ என்ற எமுலேட்டர். ஆர்ம் கட்டளைகளை உங்கள் இயந்திரத்துக்குப் புரியும்படி அது மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க, அதன் மேல் கோ கம்பைலர் ஓடுகிறது. இதற்குத் தேவையே இல்லை. எந்த இயந்திரத்தில் இருந்தாலும் வேறு பிராசஸருக்கான பைனரியை (ஓடக்கூடிய கோப்பை) கோ தானே உருவாக்கித் தரும். டாக்கர்ஃபைலில் (இமேஜ் உருவாக்கும் கட்டளைகள் உள்ள கோப்பு) கம்பைல் செய்யும் கட்டத்தைத் தொடங்கும் ஃப்ரம் வரியில், பிளாட்ஃபார்ம் என்ற இடத்தில், பில்ட் இயந்திரத்தைக் குறிக்கும் பில்ட்பிளாட்ஃபார்ம் மாறியைக் கொடுங்கள். எந்தப் பிராசஸருக்குக் கம்பைல் செய்வது என்று கோவுக்குச் சொல்லும் கோஆர்ச் மதிப்பை, இலக்குப் பிராசஸரைக் குறிக்கும் டார்கெட்ஆர்ச் மாறியிலிருந்து எடுங்கள். இறுதிக் கட்டத்தில் காப்பி வரிகள் மட்டும் இருந்தால் க்யூஈஎம்யூவுக்கு வேலையே இராது. அங்கே ஒரே ஒரு ரன் வரி சேர்ந்தாலும் அது திரும்ப வந்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, 35 நிமிடம் 4 நிமிடமாகிவிட்டது. ஆனால் ஆர்ம் சர்வரில் ஏற்றியதும் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று நின்றுவிடுகிறது. இமேஜின் விவரத்தைப் பார்த்தால் ஆர்ம்64 என்றே இருக்கிறது. பில்ட் இயந்திரத்தில் அதே இமேஜ் நன்றாகவும் ஓடுகிறது.

பதில் 2:
பில்ட் இயந்திரத்தில் ஓடுவதுதான் துப்பு. மேலே ஒட்டிய சீட்டில்தான் ஆர்ம்64. உள்ளே இருப்பது ஏஎம்டி64 பைனரி. அதை வெளியே எடுத்து ஃபைல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், எக்ஸ்86-64 (ஏஎம்டி64-இன் மறுபெயர்) என்று சொல்லும். டார்கெட்ஆர்ச் மாறியை அறிவிக்கும் ஆர்க் வரியை ஃப்ரம் வரிக்கு மேலே எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே எழுதியது கட்டத்துக்குள் வராது. கோஆர்ச் வெறுமையாக இருந்தால் கோ எந்தப் பிழையும் காட்டாமல், தான் ஓடும் இயந்திரத்துக்கே கம்பைல் செய்துவிடும். அந்த வரியை ஃப்ரமுக்குக் கீழே, அதிலும் தேவையான நூலகங்களைப் பதிவிறக்கும் கோ மாட் டவுன்லோட் வரிக்குப் பிறகு வையுங்கள். அப்போதுதான் பதிவிறக்கிய லேயரை இரண்டு வகைகளும் பகிர்ந்துகொள்ளும்.

பதில் 3:
சி நூலகம் ஏதேனும் சேர்த்திருந்தால் கவனியுங்கள். வேறு பிராசஸருக்குக் கம்பைல் செய்யும்போது கோ சிகோவை (சி நூலகங்களைக் கோ நிரலுடன் இணைக்கும் வசதி) தானாகவே அணைத்துவிடும். அது தேவையென்றால், ஆர்ம்64-க்கான ஜிசிசி என்ற சி கம்பைலரை அந்தக் கட்டத்தில் நிறுவி, சிகோவை நீங்களே இயக்க வேண்டும்.

கேட்டவர்:
ஆர்க் வரி மேலேதான் இருந்தது. கீழே இறக்கினேன், ஃபைல் கட்டளை இப்போது ஏஆர்ச்64 (ஆர்ம்64-இன் மறுபெயர்) என்கிறது, சர்வரிலும் ஓடுகிறது. சிகோ எங்களிடம் இல்லை. மூவருக்கும் நன்றி.