பழைய டீசல் காரைப் பயோடீசலுக்கு மாற்றியபோது கண்டவை

1985ஆம் ஆண்டில் தயாரான மெர்சிடிஸ் 300டி கார் ஒன்றைத் தொன்மை வாகனத் திட்டத்தின்கீழ் சிங்கப்பூரில் வைத்திருக்கிறேன். அதைப் பயோடீசலுக்கு, அதாவது சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாரிக்கும் எரிபொருளுக்கு, மாற்றியதில் கண்டவை, இதே எண்ணத்தில் இருக்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இவ்வகை எஞ்சினின் உள்ளே மாற்ற வேண்டியது எதுவுமில்லை. முன்னெரி அறையும் (எரிபொருள் முதலில் பற்றும் சிறு அறை) இயந்திரப் பம்பும் கொண்ட அந்த ஐந்து சிலிண்டர் எஞ்சின், காமன் ரெயிலும் (மிகை அழுத்தத்தில் எரிபொருளைப் பகிரும் பொதுக்குழாய்) புகைக்கரி வடிகட்டியும் பொருத்திய இக்கால எஞ்சின்களைவிட எளிதாகப் பயோடீசலை ஏற்கிறது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை அப்படியே ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள், ஊற்றக் கூடாது. டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பிசுபிசுப்பான அந்த எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகே பயோடீசல் கிடைக்கிறது. நச்சுத்தன்மை உடையதும் எளிதில் தீப்பற்றுவதுமான மெத்தனாலை அடுக்குமாடி வீட்டில் கையாளும் எண்ணம் யாருக்கும் வரவே வேண்டாம். நான் தயாரித்து விற்கப்படும் எரிபொருளையே வாங்கினேன். காரில் கைவைக்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்துமூலம் விவரம் கேட்டுக்கொண்டேன்.

வேலை முழுவதும் குழாய்களில்தான் இருந்தது. பயோடீசல் பட்டால் சாதாரண ரப்பர் உப்பி இளகிவிடும். எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும், நூலுறை போட்ட மெல்லிய குழாய்கள்தாம் முதலில் கசியக்கூடியவை என்பதால், அவற்றையும் தொட்டியிலிருந்து வரும் குழாய்களையும் சின் மிங்கில் ஒரு பட்டறையில் பயோடீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பருக்கு மாற்றினோம்.

டீசலில் 20 விழுக்காடு பயோடீசல் சேர்ந்த கலவையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிவந்த காலத்தில், புக்கிட் தீமா விரைவுச்சாலை ஏற்றத்தில் கார் இழுவையின்றித் திணறியது. வடிகட்டியை மாற்றி, கைப்பம்பால் காற்றை வெளியேற்றியதும் சரியாயிற்று. கழற்றிய வடிகட்டியை வீட்டில் அறுத்துப் பார்த்தபோது, அதன் தாள் மடிப்புகள் முழுவதும் தோசைக்கல் ஓரத்துப் பிசுக்கைப் போலக் கறுத்து ஒட்டிக்கிடந்தன. பல ஆண்டுகளாக டீசல் தொட்டிச் சுவரில் விட்டுச்சென்ற படிவைத்தான் பயோடீசல் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறது. தொட்டி சுத்தமானபின் அடைப்பு நின்றது. அதுவரை மாற்று வடிகட்டி இல்லாமல் எங்கும் புறப்படாதீர்கள்.

நம் ஊரில் பெரிய சிக்கல் ஈரம். ஐரோப்பியத் தரநிலை ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் நீரையும், பயோடீசலில் 500 மில்லிகிராம் நீரையும் அனுமதிக்கிறது என்பதிலிருந்தே அது நீரை எவ்வளவு ஈர்க்கக்கூடியது என்பது புரியும். தொன்மை வாகனத்தை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். மீதி நாளெல்லாம் எரிபொருள் தொட்டியிலேயே கிடந்து, காற்றும் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அமிலத்தன்மை ஏறி, நீர் தங்குமிடத்தில் நுண்ணுயிர்களும் பெருகும். ஆகவே 20 விழுக்காட்டுக் கலவைக்கே திரும்பிவிட்டேன். தொட்டியில் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பியே காரை நிறுத்துகிறேன். வாங்கும் எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன்; கலங்கலாக இருந்தால் காரில் ஊற்றமாட்டேன். நாள்தோறும் ஓடாத காருக்கு முழுப் பயோடீசல் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

*

மேலே எழுதிய அண்ணனுக்கு நன்றி. ஈரத்தோடு குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று என் அனுபவம் சொல்கிறது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1934இல் 19.4 டிகிரிதான் என்பதால் இங்கே அந்தக் கவலை இல்லை. மலேசிய மலைப்பகுதிக்குப் போகும்போதுதான் அது தெரியவருகிறது. சிங்கப்பூரில் வாகனம் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை நீட்டித்து நான் ஓட்டிவரும் பழைய டீசல் வேனில், பாமாயிலிலிருந்து தயாரித்த பயோடீசல் பெரும்பங்கு கலந்த நிலையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குச் சென்றிருந்தோம். தானா ராத்தாவில் விடியற்காலையில் எஞ்சின் ஒருமுறை பிடித்து உடனே அணைந்தது. வடிகட்டியின் கீழ்க்குவளையில் எரிபொருள் வெண்மையாகத் திரண்டிருந்தது. பாமாயில் பயோடீசல் ஏறக்குறைய 15 டிகிரியிலேயே இப்படி மங்கத் தொடங்கிவிடும். வெந்நீரில் நனைத்த துணியை வடிகட்டியில் சுற்றிவைத்து, வெயில் ஏறும்வரை காத்திருந்த பிறகே வேன் கிளம்பியது. இப்போதெல்லாம் மலைப் பயணத்துக்கு முன் தொட்டியைக் காலியாகும் அளவுக்கு ஓட்டித் தீர்த்து, வெறும் டீசலே நிரப்புகிறேன்.

அண்ணன், வைட்டான் குழாய்களை மாற்றி எவ்வளவு காலம் ஆகிறது, இணைப்புகளில் எங்காவது கசிவு தெரிகிறதா என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும். என் வேனில் அடுத்து அந்த வேலைதான்.