மறு: ஊர்ப்பெயரா, ஊர்வழிப்பெயரா? கப்பி என்ற குடும்பப்பெயரை முன்வைத்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வம்சாவளிச் சொற்பட்டியலில் 'இடத்தால் வந்த குடும்பப்பெயர்' என்ற வரிக்கு எதிரே மூன்று வாரமாகத் தமிழ்ச்சொல் ஒன்றும் இல்லை. இதுவரை வந்தவை இவை:

> ஊர்ப்பெயர் என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

> நன்னூலில் இடப்பெயர் இருக்கிறதே. புதிதாக ஒன்று எதற்கு?

> இடப்பெயர்வழிக் குடும்பப்பெயர். நீளம்தான், பிழை இல்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இது முடியாது. அதனால் ஒரே ஒரு ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எங்கெல்லாம் போனது என்று கடைசிவரை பார்த்தேன். சொல்லுக்கு என்ன வேலை இருக்கிறது என்பது அதன்பிறகுதான் எனக்கே தெளிவாயிற்று.

பெயர்: கப்பி. ஆம், மீன் கப்பிதான். கொளத்தூர் மீன் சந்தையில் பிளாஸ்டிக் பையில் ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, வால் மட்டும் விசிறிபோல விரிந்து நிற்கும் சின்ன மீன். எங்கள் தெருவில் மழைக்காலத்துக்கு முன்பு சுகாதாரப் பணியாளர்கள் வந்து, கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றில் விட்டுப் போவதும் இதைத்தான். இந்த மீனுக்கு இந்தப் பெயர் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி (1836–1916), டிரினிடாட் தீவில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். அவர் அனுப்பிய மீன்களைப் பார்த்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் 1866-இல் அவர் பெயரையே சூட்டினார். அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1859-இல், வில்ஹெல்ம் பீட்டர்ஸ் அதே மீனுக்கு வேறு பெயர் வைத்திருந்தார். அறிவியல் பெயரில் முன்னுரிமை பீட்டர்ஸுக்குப் போயிற்று. மக்கள் வாயில் கப்பி நின்றுவிட்டது.

சரி, அந்த மனிதருக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு). அதன் மேற்கு ஓரத்தில், லைம் ரீஜிஸ் கடற்கரைக்குச் சற்று உள்ளே, வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் என்று ஓர் ஊர். அந்த ஊரின் எல்லைக்குள் இருக்கும் ஒரு சிற்றிடத்தின் பெயர்தான் கப்பி. ஊர் என்றுகூடச் சொல்ல முடியாத அளவு சிறியது. பழைய ஆங்கிலத்தில் குப்பா என்பது ஆள் பெயர். அதனோடு 'ஹெய்' போல ஒலிக்கும், வேலியிட்டு அடைத்த நிலம் என்று பொருள்தரும் சொல் சேர்ந்து, தேய்ந்து, கப்பி ஆயிற்று என்கிறார்கள் பெயராய்வாளர்கள். அப்படியே தமிழாக்கினால் குப்பாவின் பட்டி. நம் பட்டியும் முதலில் ஆடுமாடு அடைக்கும் இடம், பிறகுதான் ஊர். (நம் குப்பனுக்கும் அந்தக் குப்பாவுக்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு தொடர்பு இல்லை. தயவுசெய்து இந்த இழையை அந்தப் பக்கம் இழுத்துப் போக வேண்டாம்.)

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். கப்பி என்ற அந்த இடத்தில் குடியிருந்தவனை அக்கம்பக்கத்தார் 'கப்பி' என்று அழைத்திருப்பார்களா? மாட்டார்கள். அங்கே இருக்கிற எல்லாரும் கப்பிக்காரர்கள்தானே. மதுரையில் யாரையாவது 'மதுரைக்காரர்' என்கிறோமா? திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அவர் மதுரைக்காரர். அதேபோல, அந்தச் சிற்றிடத்தை விட்டு ஒருவன் பக்கத்து ஊரில் நிலம் எடுத்து உழ வந்தபோது, அங்கே இருந்த இரண்டு மூன்று ஜான்களில் இவன் எந்த ஜான் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கப்பியிலிருந்து வந்த ஜான். ஊரை விட்டு வந்தவன்மேல் ஒட்டிக்கொண்ட பெயர் இது.

'ஊர்ப்பெயர்' எனக்குச் சரிப்படாததற்கு இதுதான் காரணம். ஊர்ப்பெயர் என்றால் ஊருக்கு உள்ள பெயர். கப்பி என்ற இடத்தின் பெயரும் ஊர்ப்பெயர், கப்பி என்ற மனிதரின் குடும்பப்பெயரும் ஊர்ப்பெயர் என்று எழுதினால், "இந்த ஊர்ப்பெயர் அந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்தது" என்று வாக்கியம் அமையும். படிக்கிறவர் பாவம்.

நன்னூலின் 'இடப்பெயர்' நல்ல சொல்தான். கருவூரான், சோழியன் என்று இடத்தால் ஆளுக்கு வந்த பெயரைத்தான் அது குறித்தது. ஆனால் இன்று இடப்பெயராய்வு என்று ஒரு துறையே இருக்கிறது. அங்கே இடப்பெயர் என்றால் இடத்தின் பெயர். பல ஆண்டாக நிலைத்துவிட்ட வழக்கை இந்தக் குழுமத்தால் புரட்ட முடியாது, புரட்டவும் கூடாது.

தொல்காப்பியத்துக்குப் போனால் இன்னும் வியப்பாக இருக்கிறது. பெயரியலில் வரும் நூற்பா: "நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே, வினைப்பெயர் உடைப்பெயர் பண்புகொள் பெயரே..." தொடர்ந்து முறைநிலைப் பெயர், சினைநிலைப் பெயர் என்று போகிறது. இங்கிலாந்துக் குடும்பப்பெயர்களை அங்குள்ள அறிஞர்கள் நான்காகப் பிரிப்பது வழக்கம்: இடத்தால் வந்தவை, தொழிலால் வந்தவை, உறவால் வந்தவை, பட்டப்பெயராக வந்தவை. ஸ்மித் கொல்லன், ஆகவே வினைப்பெயர். உரையாசிரியர்கள் வினைப்பெயருக்குக் காட்டும் எடுத்துக்காட்டிலும் கொல்லன் இருக்கிறான்! ஜான்சன், ஜானின் மகன், முறைநிலைப் பெயர். பிரவுன், நிறத்தால் வந்த பெயர். கரியான், செய்யான் போலப் பண்புகொள் பெயர். மூன்று வரிக்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதே இல்லை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. இடத்தால் வந்தவை அனைத்துக்கும் பொதுவான தலைப்பாக நிலப்பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் பட்டியலின் முன்குறிப்பில் எழுதிவிட வேண்டும். கொல்லன் மகன் மரவேலைக்குப் போனால் நம் இலக்கணத்தில் அவன் தச்சன். ஸ்மித்தின் மகன் மரவேலைக்குப் போனாலும் ஸ்மித். கோவூர் கிழார், ஒக்கூர் மாசாத்தியார் என்று நம் புலவர்களும் ஊரைச் சுமந்தார்கள். ஆனால் அது அவரவரோடு முடிந்தது. இங்கிலாந்தில் 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு பிரபுக்களிடம் தொடங்கி, மெல்ல உழவர்வரை இறங்கி, 1400-ஐ ஒட்டிப் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் பரம்பரையாக இறுகிவிட்டது. தெற்கில் முன்னதாக, வடக்கில் பின்னதாக.

ஆனால் நிலப்பெயர் என்ற ஒரு சொல் மட்டும் நமக்குப் போதாது. ஹில், வுட், ஃபோர்டு ஆகியவையும் நிலத்தால் வந்தவைதான். குன்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தவன் ஹில். குன்று எங்கேதான் இல்லை? நூறு ஊரில் நூறு பேருக்குத் தனித்தனியாக அந்தப் பெயர் விழுந்தது, அதனால் நாடு முழுக்க ஹில்கள். கப்பி அப்படியல்ல. ஒரே இடம், அதுவும் சிறிய இடம். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், ஒரு பெயர் ஏன் அரிதாக இருக்கிறது, ஏன் ஒரு மூலையிலேயே கூடிக்கிடக்கிறது என்பதை விளக்கவே முடியாமல் போகும்.

கூடிக்கிடக்கிறது என்பதை உணர்ந்து, எண்ணியும் காட்டியவர் யார் தெரியுமா? அவரும் ஒரு கப்பி. ஹென்றி பிரௌம் கப்பி (1854–1926), கடற்படை மருத்துவர், சாலமன் தீவுகளில் செடிகொடிகளைத் தேடி அலைந்தவர். 1890-இல் பிரிட்டனின் குடும்பப்பெயர்களுக்கு எது வீடு என்று ஒரு நூல் எழுதினார். அவர் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஊரிலுள்ள எல்லாரையும் எண்ணவில்லை, உழவர்களை மட்டும் எண்ணினார். நகரத்துக்காரன் வேலைக்காக இடம் மாறுவான், நிலத்தைக் கட்டி அழுகிறவன் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பான் என்பது அவர் கணக்கு. கெல்லி நிறுவனத்தின் முகவரிப் புத்தகங்களில் கவுண்டிவாரியாக உழவர் பெயர்களைப் பொறுக்கி, பத்தாயிரம் உழவருக்கு எத்தனை பேர் என்று விகிதம் போட்டார். நாடெங்கும் பரவிய பெயர் முதல் ஒரே கவுண்டிக்குள் அடங்கிய பெயர்வரை ஆறு வகை. செடி எந்த மண்ணில் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்துப் பழகிய கண் பெயர்களையும் அப்படியே பார்த்திருக்கிறது. இன்று பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதும் கணினியில் ஏறிவிட்டதால் எவரும் பெயரைத் தட்டி வரைபடம் பார்க்கலாம். கப்பிகள் மேற்கு டார்செட்டிலும், அதை ஒட்டிய சாமர்செட், டெவன் ஓரங்களிலும் திரள்வார்கள்.

அரிதானதற்குச் சிறிய இடத்தில் பிறந்தது மட்டும் காரணமல்ல. பெயர் மகன் வழியாகவே போகிறது. மகன் இல்லாத வீட்டோடு அந்தக் கிளை முடிந்தது. பெயர்கள் இப்படித் தற்செயலாக அற்றுப்போவதைக் பிரிட்டிஷ் அறிஞர்கள் கால்டனும் வாட்சனும் 1874-இல் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். 1348-இல் கருப்புக் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் நுழைந்ததும் இதே டார்செட்டின் மெல்கம் ரீஜிஸ் துறைமுகத்தின் வழியேதான். பெயர்கள் இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. எத்தனை பெயர்கள் அப்போதே மண்ணோடு போயினவோ. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபுக்கூறு) ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். அரிய பெயர் என்றால் அதைத் தாங்கியவர்களில் பலர் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களாக இருந்தார்கள். ஸ்மித்துகளிடம் அப்படி எதுவும் இல்லை.

என் பரிந்துரை: குறிப்பிட்ட ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது ஊர்வழிப்பெயர். குன்று, காடு, துறை என்று பொதுவான நில அடையாளத்திலிருந்து வந்தது நிலத்தோற்றப்பெயர். இரண்டுக்கும் பொதுத்தலைப்பு நிலப்பெயர்.

அன்புடன்.

———

> எங்கள் பக்கம் (தஞ்சை) 'ஊர்வழி போயிருக்கார்' என்றால் வெளியூர் போயிருக்கிறார் என்று பொருள். உங்கள் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பயணம்தான் நினைவுக்கு வந்தது. குழப்பம் ஆகாதா?

ஐயா, நன்றி. நேற்று இரவு உங்கள் மடலைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். எங்கள் ஆத்தாவும் அப்படித்தான் சொல்வார். 'ஊர்வழி போறவன் கையில கொஞ்சம் கட்டுச்சோறு இருக்கணும்' என்று புளிச்சோற்றை வாழையிலையில் மடித்து, தணலில் வாட்டிய இலை மணத்தோடு கையில் கொடுப்பார். இது என் மனத்தில் இருந்தும் சொல்லை ஆக்கும்போது தோன்றவில்லை. 'ஊர் வழியாக வந்த பெயர்' என்று மட்டுமே நினைத்திருந்தேன். நீங்கள் சொன்ன பொருள் அதைக் கெடுக்கவில்லை ஐயா, நிறைவாக்குகிறது. ஊரை விட்டுக் கிளம்பியவனுக்குத்தானே அந்தப் பெயர் விழுந்தது. நான் ஒரு பத்தி முழுக்க விளக்கியதை உங்கள் ஊர் வழக்கு ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. எனவே இந்தச் சொல்லை இன்னும் உறுதியாகவே கேட்கிறேன்.

> பெண்கள் எந்த வழி? கல்யாணத்தால் கப்பி ஆனவரை ஊர்வழி என்பது எப்படிப் பொருந்தும்?

அம்மா, நியாயமான கேள்வி. சாரா கப்பியையே எடுத்துக்கொள்வோம். 1811-இல் பாலங்களுக்கு அடித்தளத் தூண் இறக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றவர். பிறந்தது பர்மிங்காம், பிறந்த வீட்டுப் பெயர் பீச். அது ஓடைக்கரை அல்லது பீச் மரத்தை ஒட்டிக் குடியிருந்தவனுக்கு வந்தது, நம் கணக்கில் நிலத்தோற்றப்பெயர். பிரிஸ்டல் வணிகர் சாமுவேல் கப்பியை மணந்ததும் ஊர்வழிப்பெயருக்கு மாறினார். டார்செட்டின் அந்தச் சிற்றிடத்துக்கும் அவர் குருதிக்கும் தொடர்பில்லை. இந்தச் சொல் பெயரின் பிறப்பைத்தான் சொல்கிறது, அதைச் சுமக்கிறவரின் பிறப்பைச் சொல்லவில்லை. இதை விளக்கத்தில் எழுதாவிட்டால் தவறாகப் புரிந்துகொள்வார்கள். நீங்கள் கேட்டதால் சேர்க்கிறேன்.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. பெயர் பிறந்த இடமும் இன்று அது அடர்ந்திருக்கும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. கப்பிக்கு இரண்டும் அருகருகே அமைந்தன. வேறு பெயர்கள் பிறந்த ஊரில் பட்டுப்போய், நாலு கவுண்டி தாண்டித் தழைத்திருக்கலாம். பட்டியலில் இரண்டுக்கும் 'பூர்வீகம்' என்று போட்டிருக்கிறோம், அதைப் பிரிக்க வேண்டும். பிறப்பிடம், செறிவிடம் என்று இரண்டு வரியாக்கலாமா? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அதுவரை பட்டியலில் இப்படி வைத்திருக்கிறேன்:

ஊர்வழிப்பெயர்: பெயருடைய ஓர் ஊர் அல்லது சிற்றிடத்திலிருந்து வெளியேறியவருக்கு அவ்விடத்தின் பெயரால் அமைந்து, பின் பரம்பரையாக வழங்கும் குடும்பப்பெயர். பெயரின் தோற்றத்தை மட்டும் குறிக்கும். எ-டு: கப்பி (டார்செட்).