எஸ்விஜி லோகோ ஏற்றவிட்டவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

கோடுமான்

கடைக்காரர்கள் தங்கள் லோகோவைத் தாங்களே ஏற்றிக்கொள்ளும் ஒரு தளத்தைப் பராமரிக்கிறேன். போன மாதம் ஒரு எஸ்விஜி (கோடு, வடிவங்களை எழுத்தாகவே எழுதி வைக்கும் படக் கோப்பு) வந்தது. பக்கத்தில் பார்த்தால் பச்சை வட்டம், நடுவில் கடைப் பெயர், ஒரு குறையும் இல்லை. சும்மா ரைட் கிளிக் செய்து புது டேபில் திறந்தேன், எங்கள் லாகின் பக்கம் மாதிரியே ஒன்று வந்து நின்று பாஸ்வேர்டு கேட்கிறது, மேலே அட்ரஸ் பாரில் இருப்பதும் எங்கள் டொமைன்தான்! நோட்பேடில் திறந்தால் வட்டத்துக்கு ஒரு வரி, எழுத்துக்கு ஒரு வரி, அதற்குக் கீழே முழ நீளத்துக்கு ஸ்கிரிப்ட், அதாவது பிரவுசர் ஓட்டும் நிரல்.

ஜேபெக் மாதிரி இது வெறும் படம் கிடையாது, டேக் போட்டு எழுதிய எக்ஸ்எம்எல் ஆவணம். பக்கத்தில் படத்தைக் காட்டும் இமேஜ் டேகுக்குள் இருக்கும்வரை பிரவுசர் அதன் ஸ்கிரிப்டை ஓட்டாது, வெளியிலிருந்து எதையும் இழுக்கவும் விடாது. கோப்பின் முகவரியை நேராகத் திறந்தால்தான் வினை. அப்போது அது நம் தளத்தின் ஒரு பக்கம், லாகின் செய்திருப்பவர் பெயரில் என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால் "நல்லாத்தானே தெரியுது" என்று அனுமதி கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

இரவுப்பணி

ஸ்கிரிப்ட் டேகை மட்டும் தேடி வெட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் கையில் எடுத்த ஒரு பழைய தளத்தில் அதைத்தான் செய்திருந்தார்கள். திறந்ததும் கோடை ஓட்டும் ஆன்லோட், உள்ளே எச்டிஎம்எல் நுழைக்கும் ஃபாரின்ஆப்ஜெக்ட், ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கும் லிங்க் எல்லாம் ஜம்மென்று உள்ளே போய்க்கொண்டிருந்தன. எதைத் தடுப்பது என்று பட்டியல் போட்டால் ஒன்று விட்டுப்போகும், எதை விடுவது என்றுதான் பட்டியல் போட வேண்டும். டாம்ப்யூரிஃபை என்ற சுத்தம் செய்யும் லைப்ரரி அப்படித்தான் வேலை செய்கிறது. அதோடு ஏற்றிய கோப்புகளைத் தனி டொமைனில் வைத்து, எதை ஓட்டலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி ஹெடரில் ஸ்கிரிப்டை முழுக்க அடைத்துவிட்டேன். வடிகட்டியில் ஏதாவது தப்பினாலும் ஓடாது.

வேர்ட்பிரஸ் எஸ்விஜியைத் தானாக ஏற்க மறுப்பது இதனால்தான். எங்கிருந்தோ நாலு வரி கோடை எடுத்து தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒட்டி அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறார்கள், சுத்தம் செய்யும் வேலையை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை.

மைக்கூடு

நான் டிசைனர், ஹேக்கிங் கதை எதுவும் இல்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் லோகோவை எடிட்டரில் திறந்தபோது, அதை வரைந்தவரின் கணினிப் பெயர், ஃபோல்டர், "ஃபைனல் ஃபைனல் 3" வரை முழுப் பாதையும் உள்ளே இருந்தது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்த இடம் கோப்பிலேயே பதிந்துவிடும், ப்ளெயின் எஸ்விஜியாகச் சேமித்தால் போய்விடும்.

அப்புறம் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளின் கோப்புகளில், நிறத்தைக் குறிக்கும் கிளாஸ் பெயர் பெரும்பாலும் ஒரே மாதிரி, சிஎல்எஸ்-1 என்று வரும். இரண்டு லோகோவை இன்லைனாக, அதாவது கோடை அப்படியே பக்கத்துக்குள் ஒட்டி, ஒரே பக்கத்தில் போட்டோம், பின்னால் வந்ததன் சிவப்பு முன்னால் இருந்த நீலத்தின் மேலும் ஏறிவிட்டது. இமேஜ் டேகுக்கு மாற்றியதும் சரியானது.