கடைசி வீட்டுக் குழாயில் மஞ்சள் வரவில்லை

எங்கள் ஊர் சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கிறது. முந்நூறு வீடு இருக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரித் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒரு தரம் வரும், மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர்தான். இரண்டும் ஏறுவது ஒரே 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் என்று தேர்ந்தெடுத்துத் தண்ணீர்ப் பரிசோதனை சொல்லிக்கொடுத்தார்கள். மகளிர் குழுவிலிருந்து போன ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

முதல் ஆறு மாதம் தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாயில்தான் பிடித்துப் பார்த்தோம். கிட்டத்தில் இருக்கிறது, மோட்டார் ரூம் நிழலும் இருக்கிறது. தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருப்பதற்கு அடையாளமாக மஞ்சள் நிறம் வந்துவிடும். நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

ஆடி மாதத்தில் தெற்கு வளவில் அடுத்தடுத்து நாலு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அங்கே இருக்கும் ஒரு அம்மிச்சி என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, தண்ணி உட்டதும் மொத ரெண்டு கொடம் கலங்கலா வருது, என்னன்னு பாரு கண்ணு" என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கடைசி வீட்டுக் குழாயில் பிடித்தேன். சொட்டு விட்டேன். ஒரு நிறமும் இல்லை. சோதனைக் குழாயைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் நிறமில்லாத தண்ணீராகவே நின்றது. கிருமி பார்க்கும் குப்பியிலும் கோடு வரைக்கும் நிரப்பி வீட்டில் வைத்தேன்; கிருமி இருந்தால் அது கறுக்கும். மறுநாள் காலையில் மை மாதிரிக் கறுத்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆறு மாதமாக நாங்கள் எழுதியதெல்லாம் தொட்டித் தண்ணீரைப் பற்றித்தான், ஊர் குடித்த தண்ணீரைப் பற்றி அல்ல.

ஐ.எஸ். 10500 என்கிற குடிநீர்த் தரமும் இதைத்தான் சொல்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும், அதுவும் குடிப்பவருக்கு வந்து சேரும் இடத்தில்.

டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். "மருந்து நாத்தம் அடிக்குதுன்னு ஊரே திட்டுதுங்க அம்மணி. ஒரு சொம்பு போட்டுட்டிருந்தேன், இப்ப அரைச் சொம்புதானுங்க" என்றார். மூட்டையைக் காட்டச் சொன்னேன். வாய் திறந்தே கிடந்தது. பிளீச்சிங் பவுடர் ஈரம் குடித்துக் கட்டியாகியிருந்தது, மூக்கருகில் கொண்டுபோனாலும் காரம் இல்லை. புதுப் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு போல வீரியம் இருக்கும், காற்றுப் பட்டால் இறங்கிவிடும். நல்ல பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் எங்கள் தொட்டிக்கு 120 கிராம் போதும். அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் ஒரு தராசு கூட இல்லை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை.

மருந்து குறைந்தது ஒரு காரணம். இன்னொன்று தெற்கு வளவுக்குத் திரும்பும் இடத்தில் இருக்கும் வால்வுக் குழி. பக்கத்திலேயே சாக்கடை ஓடுகிறது. குழி நிறையக் கழிவுநீர், வால்வு அதற்குள் முங்கிக் கிடக்கிறது, கழுத்தில் ஒழுகல். தண்ணீர் ஓடும்போது ஒழுகல் வெளியே போகும். நிறுத்தியதும் குழாய் காலியாகி, குழித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அம்மிச்சி சொன்ன முதல் இரண்டு குடம் அதுதான்.

நோட்டையும் மூடிய குப்பியையும் எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனோம். நான் பேசியதைவிட அந்தக் கறுத்த குப்பி அதிகம் பேசியது. தீர்மானம் போட்டார்கள். வால்வு மாற்றி, குழியைக் கட்டி உயர்த்த ஒன்றரை மாதம் ஆனது. பவுடருக்கு மூடி போட்ட டிரம்மும் ஒரு தராசும் வந்தன. இப்போது கடைசி வீட்டில் லேசான மஞ்சள் வருகிறது. உங்கள் ஊரில் எந்தக் குழாயில் பார்க்கிறார்கள்?

இதைப் படித்துவிட்டுக் கோவையிலிருந்து ஓர் அன்பர் எழுதியது:

நாங்கள் சரவணம்பட்டி பக்கம், 40 வீட்டு லேஅவுட். சொந்த போர், சம்ப். எங்கள் சங்கத்தில் டி.டி.எஸ். மீட்டர்தான் வேதவாக்கு. 350 காட்டினால் தண்ணீர் அருமை என்று நம்பிவிடுவோம். போன ஐப்பசி மழையில் செப்டிக் டேங்க் நிரம்பிச் சம்ப்புக்குள் கசிந்தது. அன்றைக்கும் மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டியது. 500 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை போகலாம் என்பதெல்லாம் கரைந்த உப்புக்கான கணக்கு, கிருமி அதில் தெரியாது என்பது மூன்று வீட்டில் வாந்திபேதி வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். எப்படிங்க சகோதரி?

அவருக்கு என் பதில்:

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள்ங்க. உப்பு, கடினத்தன்மைக்குச் சுத்தமான கேனில் கொண்டுபோகலாம். கிருமிக்கு மட்டும் உங்கள் பாட்டில் வேண்டாம், அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். குளோரினை முறிக்கும் மருந்து அதில் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் போகும் வழியெல்லாம் குளோரின் வேலை செய்து, கெட்ட தண்ணீருக்கும் நல்ல பேர் வந்துவிடும். ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். போரைச் சுற்றித் தோட்டங்காடு இருந்தால் நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் ஆகாதுங்க. கொதிக்க வைத்தாலும் குறையாது, சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.