ஓரல் மெடிசின்: "வாய்வழி மருத்துவம்" வேணாங்க, வேற சொல்லு வேணும்

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

நான் பாலக்கோட்டுல ஒரு பல் கிளினிக்ல வேலை பாக்கறேன், போர்டு, நோட்டீஸ் எழுதறதெல்லாம் என் பொறுப்பு. ஓரல் மெடிசின் படிச்ச டாக்டரம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் வர ஆரம்பிச்சாங்க, நெட்ல கிடைச்ச "வாய்வழி மருத்துவம்"ங்கறதையே போர்டுல போட்டுட்டோம். மறுநாளே இடுப்புல குழந்தையோட ஒரு அக்கா வந்து "சொட்டு மருந்து இங்க ஊத்தறீங்களா"ன்னு கேட்டாங்க. அவங்க மேல தப்பே இல்லங்க, வாய்வழின்னா வாய் வழியா உள்ள போறதுதான. இங்க வாய் வழி இல்ல, வைத்தியம் பாக்கற இடமே அதுதான். மெடிசின்னும் மருந்து இல்ல, ஜெனரல் மெடிசின பொது மருத்துவம்னு சொல்றோமே அந்த மெடிசின்.

ஆறாத வாய்ப்புண்ணு, வெள்ளைத் திட்டு, வாய் காஞ்சு போறது, நாக்கு எரிச்சல், தாடை மூட்டு வலி, மூஞ்சில ஷாக் அடிச்ச மாதிரி வர்ற நரம்பு வலி எல்லாம் இவங்கதான் பாப்பாங்க. ரத்தசோகை, சக்கரை மாதிரி உடம்புல இருக்கற நோய் வாயில தெரியறதும் உண்டு.

போன மாசம் ஒரு லாரி டிரைவர் அண்ணன் வந்தாரு. களி உருண்டை வாய்க்குள்ள போக மாட்டேங்குதுன்னாரு. ரெண்டு வருஷமா கொழம்பு காரம் பட்டாலே எரிஞ்சிருக்கு, மெடிக்கல்ல பி காம்ப்ளெக்ஸ் வாங்கி முழுங்கிட்டே இருந்திருக்காரு. டாக்டரம்மா மூணு விரல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாயில வெக்க சொன்னாங்க, ரெண்டு கூட நுழையல. கன்னத்து உள்பக்கம் வெளுத்து, தொட்டா வார் மாதிரி பட்டை பட்டையா இறுகி இருந்துச்சாம். எல்லாம் பாக்கு போடற பழக்கம். புகையிலை சேக்காத வெறும் பாக்கே கேன்சர் வரவெக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லிட்டாங்க. ஏன் அண்ணா முன்னாடியே வரலன்னு கேட்டேன், "பல்லு நல்லாத்தானம்மா இருக்கு, பல் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வரணும்"னாரு. அத கேட்டதுல இருந்து மனசு ஆறல எனக்கு.

என் சொல்லு: வாய்நோய் மருத்துவம். கருத்து சொல்லுங்க.

---

அம்மா, கிருஷ்ணகிரியிலிருந்து எழுதறேன். "வழி" போகணும்ங்கறதுல எனக்கும் சந்தேகம் இல்ல. ஆனா "நோய்" எதுக்கு? கண் மருத்துவம், தோல் மருத்துவம், பல் மருத்துவம்னு உறுப்பு பேர வெச்சே சொல்லி பழகிட்டோம், அந்த வரிசையில வாய் மருத்துவம்னா போதுமே. இன்னொண்ணு, ஓரல் பேத்தாலஜிய வாய்நோயியல்னு எழுதறாங்க, சதைய வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கற அந்தத் துறை வேற. ரெண்டும் ஒட்டி ஒலிச்சா படிக்கிற பிள்ளைங்க குழம்பும்.

---

ஐயா, வரிசை பாத்தா நீங்க சொல்றதுதான் சரி. ஆனா வாய் மருத்துவம்னு இங்க நாலு பேருகிட்ட சொல்லி பாத்தேன், மூணு பேரு "பல்லா?"ன்னு திருப்பி கேட்டாங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் வாய்னாலே பல்லுதான் ஐயா ஞாபகம் வரும், ஃபுளோரைடு தண்ணி குடிச்சு பல்லு காவியேறுன ஊரு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல வந்துச்சு, அதுக்கு முன்ன போர் தண்ணி குடிச்சு வளந்தவங்களுக்கு அந்தக் கறை இன்னும் அப்படியே இருக்கு. "நோய்"னு ஒரு சொல்லு சேந்தாத்தான் பல்லத் தாண்டி நாக்கு, கன்னம்னு யோசிக்கறாங்க. இயல்னா படிப்பு, மருத்துவம்னா வைத்தியம், அதுல குழப்பம் வராதுன்னு நினைக்கறேன். புத்தகத்துல உங்க வாய் மருத்துவமே இருக்கட்டும், போர்டுல வாய்நோய் மருத்துவம் போட்டுக்கறேனே? கீழ "ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணு, வெள்ளைத் திட்டு இருந்தா காட்டுங்க"ன்னு எழுதலாம்னு இருக்கேன். பெயிண்டர் சனிக்கிழமை வர்றாரு.

---

சரிம்மா, ஒத்துக்கறேன், போர்டு படிக்கிறவங்களுக்குத்தான் அது. அந்த கீழ் வரியில "வாய் முழுசா தொறக்க முடியல"ங்கறதையும் சேத்துடு, அந்த டிரைவர் மாதிரி ஆளு அதைத்தான் தேடிப் படிப்பாரு. எழுத்து பெருசா இருக்கட்டும், பஸ்சுல போறவங்களுக்கும் தெரியணும்.