கத்தாரில் தம்பிக்கு அடி, பேசின சம்பளமும் இல்லை. என்ன செய்யலாம்?

கருங்கல் அக்கா:
தம்பி தோஹாவில் கம்பி கட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறான். மார்த்தாண்டத்தில் ஏஜென்ட்டிடம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்தோம், ரசீது தரவில்லை. 1,500 ரியால் என்றார். கைக்கு வருவது 1,000. சோறும் இவனே பொங்க வேண்டும். கூட நிற்கும் வேறு நாட்டுக்காரர்களுக்கு ஓவர்டைம் காசு உண்டு, இவனுக்குக் கிடையாது. கேட்டதற்கு போர்மேன் முதுகில் அடித்துவிட்டார். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. கேம்பை விட்டு ஓடிவிடட்டுமா என்கிறான். அம்மா ஒரு பருக்கை வாயில் வைப்பதில்லை.

திங்கள்சந்தை அண்ணன்:
ஓடச் சொல்லாதே தங்கச்சி. ஓடினால் கம்பெனி முந்திக்கொண்டு 'ஆளைக் காணோம்' என்று கேஸ் கொடுக்கும், அப்புறம் இவன்தான் குற்றவாளி. அங்கே டைம்கீப்பராக இருந்தபோது நியாயம் உள்ள பையன்களே இப்படி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஆஸ்பத்திரிச் சீட்டு, காயத்தின் போட்டோ. அடித்ததற்குப் போலீஸ், சம்பளத்துக்குத் தொழிலாளர் அமைச்சகம். புகார் எண் கைக்கு வந்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

கணக்கு இப்படி: 2021 மார்ச் முதல் எந்த நாட்டுக்காரருக்கும் குறைந்தபட்சம் 1,000 ரியால். கம்பெனி சோறு போடாவிட்டால் அதற்கு மேல் 300, தங்க இடம் தராவிட்டால் 500. ஆக மாதம் 300 பாக்கி என்று இப்போதே சொல்லலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அடிப்படைக் கூலியோடு 25 சதவீதமாவது கூடத் தர வேண்டும், ஊரைப் பார்த்துத் தருவதில்லை. 1,500 கதை மட்டும் காண்ட்ராக்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதன் போட்டோ அவனிடம் இருக்கிறதா? அமைச்சகத்தில் சமரசம் ஆகாவிட்டால் தகராறு தீர்க்கும் குழுவுக்குப் போகும்.

குளச்சல்காரன்:
பாஸ்போர்ட்டைத் தொழிலாளி எழுதிக் கேட்டாலொழிய கம்பெனி வைத்திருக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி 25,000 ரியால் வரை அபராதம். அங்கே இந்தியத் தூதரகத்துக்கும் அவன் போகட்டும். இங்கிருந்து நீங்களே வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற புகார் தளத்தில் புகார் போடலாம், குடும்பத்தார் போட்டாலும் எடுப்பார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தம்பி என்ன படித்திருக்கிறார்?

கருங்கல் அக்கா:
ஒன்பதாம் வகுப்பு. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட்தான் சொன்னார்.

குளச்சல்காரன்:
அதுதான் அவர்கள் வேலை. பத்தாவது முடிக்காதவர் கத்தாருக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் 'எமிகிரேஷன் கிளியரன்ஸ்' என்ற அனுமதி வேண்டும், அதைத் தாண்டத்தான் விசிட் விசா. இதற்காகத் தம்பியின் புகாரைத் தள்ளிப் போடாதீர்கள், அங்கே அவன் கூலிக்கு அவனுக்கு உரிமை உண்டு. ஏஜென்ட் மேல் தனியாகப் போலீஸில் கொடுங்கள். பணம் கொடுத்ததற்கு ஒன்றுமே இல்லையா?

கருங்கல் அக்கா:
பாதி ஜிபேயில் போட்டது, அவர் பெண்டாட்டி நம்பருக்கு.

திங்கள்சந்தை அண்ணன்:
அது போதும். பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதே, உஷாராகிவிடுவான்.